நந்தியில் இடமில்லாமல் ராயக்கோட்டை ஏறிய நாள்

வேனில் இருந்தவர்கள்:

கோவிந்தசாமி மேஸ்திரி. வேன் அவருடையது. ஓட்டியதும் அவர்தான்.

திம்மராயன். வேப்பனப்பள்ளிக்காரன். கடப்பாரை போடுவான்.

மாதேஷ். அஞ்செட்டிப் பக்கம். ரோலர் எடுத்து வைப்பான். கன்னடம் நன்றாகப் பேசுவான்.

செல்லதுரை. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவன். பேக்கிங் கட்டை வைப்பான்.

நான், முனியப்பன். சூளகிரி. பாரம் தூக்குகிற செயின் புளாக் இழுப்பேன்.

ஷரீப் பாய். கிருஷ்ணகிரி. எங்களுக்குச் சிக்னல் கொடுத்தவர். அப்போது எட்டு மாதமாகக் குடோனில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வேலை

மெஷின் நகர்த்துவது எங்கள் வேலை. ஓசூரில் கம்பெனிகள் வந்துகொண்டே இருந்த காலம், எண்பதுகளின் நடுவில். லாரியில் வரும் மெஷினை இறக்கி, ஷெட்டுக்குள் கொண்டுபோய், பவுண்டேஷன் மேல் உட்கார வைக்க வேண்டும். கிரேன் எல்லா ஷெட்டுக்குள்ளும் வராது. கடப்பாரையால் ஒரு அங்குலம் தூக்கி, அடியில் கட்டை வைத்து, மறுபடி ஒரு அங்குலம் தூக்குவோம். நகர்த்த வேண்டுமானால் அடியில் பைப் ரோலர்.

இதில் பேசுகிறவன் ஒருவன்தான். சிக்னல்காரன். மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேர் பேசினால் யாருக்காவது விரல் போகும்.

தூக்குவதற்கு முன்னால் எண்ணுவோம். கையை லோடுக்கு அடியிலிருந்து எடுத்து, மேலே தூக்கிக் காட்டி, அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். திம்மராயன் ஒன்று. மாதேஷ் இரண்டு. செல்லதுரை மூன்று. நான் நாலு. கடைசியில் சிக்னல்காரர் தன் நம்பரைச் சொல்வார். அது வந்தால்தான் கடப்பாரை அசையும்.

ஷரீப் பாய்க்கு அடிபட்டது ஒரு பழைய லேத்தை இறக்கும்போது. தரையில் ஆயில் இருந்தது. ரோலர் வழுக்கி, லேத் ஒரு முழம் நகர்ந்தது. பாய் பக்கத்தில் நின்றிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். நடக்க ஆரம்பித்ததும் மேஸ்திரி அவரைக் குடோனில் உட்கார வைத்தார். லோடைக் கட்டித் தூக்குகிற ஸ்லிங், செயின் எடுத்துக் கொடுக்கிற வேலை. சிக்னலை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சிக்னல் கொடுத்த நாளில் சோறு இறங்காது. எண்ணும்போது நான் நாலு என்று சொல்லி முடித்த பிறகும் எல்லாரும் பாய் நம்பருக்காக ஒரு நொடி சும்மா நிற்பார்கள். பழக்கம்.

மேஸ்திரி சொன்ன பேச்சு

ஆயுத பூஜை முடிந்து தகடு வெட்டுகிற ஒரு பெரிய பவர் பிரஸ் வருவதாக இருந்தது. அதற்குச் சிக்னல் தானே கொடுக்கிறேன் என்று பாய் கேட்டார்.

"பிரஸ்ஸு மேல ஏறணும், ட்ராலிய தாண்டணும், சட்டுனு வெலகணும். உன்னால ஆவுமா?" என்றார் மேஸ்திரி.

"ஆவும்."

"சரி. பூஜைக்கு மறுநாள் எல்லாரையும் நந்தி மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். அடிவாரத்துலருந்து நடந்து ஏறு, எறங்கு. சிக்னல் உன்னுது. முடியலன்னா குடோன்லயே இரு. அதுக்கப்புறம் என்னக் கேக்காத."

பாய் சரி என்றார். நந்தியில் அடியிலிருந்து படி உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைப் படியில் ஏறி இறங்கினார். கடைசிப் படி வரை போவார், திரும்பிவிடுவார்.

பூ விற்கும் அம்மா ஒருநாள் கேட்டிருக்கிறது: "தெனமும் இவ்ளோ தூரம் வர்றீங்க, சாமி பாக்காமலே போறீங்களே பாய்?"

"கால் பாக்க வந்தேன்மா" என்றாராம்.

நந்தி

விடிவதற்கு முன் கிளம்பினோம். கடப்பாரையில் வைத்த பூஜைப் பொட்டு அப்படியே இருந்தது. மீந்த பொரியும் கடலையும் ஒரு சாக்கில் வேனுக்குள் இருந்தது.

பூஜை லீவு. பெங்களூரே நந்திக்கு வந்திருந்தது. மலைக்கு ஒரு மைல் முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு வண்டியாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மேலே ஃபுல் ஆகிதே. வாபஸ் ஹோகி" என்றார். திரும்பிப் போங்கள் என்று அர்த்தம்.

மாதேஷ் இறங்கிக் கன்னடத்தில் பேசினான். நடந்து போகிறோம் என்றான். நடக்கிற வழியிலும் ஆள் நெரிசல், யாரையும் விடுவதில்லை என்று பதில் வந்தது. மாதேஷ் ஒரு படி பொரியைக் கொடுத்துப் பார்த்தான். போலீஸ்காரர் பொரியை வாங்கிக்கொண்டு, வேனைத் திருப்பச் சொன்னார்.

தேவனஹள்ளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம்.

"மலையா இல்ல நாட்டுல?" என்றார் மேஸ்திரி. "எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஏறணும், எறங்கணும், அவ்ளோதான்."

பாய் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லார் மனதிலும் ஓசூர் மலைதான். பாய்க்குப் பழகிய படி.

"ஓசூர் மலைக்கே போலாம் மேஸ்திரி" என்றான் திம்மராயன். "நேத்து பூஜைல நின்னு எனக்கு முட்டி வலிக்குது."

"எனக்கும் ஒடம்பு சரியில்லீங்க" என்றான் மாதேஷ். "ஓசூர்னா பொழுதோட வூட்டுக்குப் போயிடலாம்."

"எனக்கு அந்தக் கோயில்ல ஒரு நேர்த்திக்கடன் இருக்கு அண்ணாச்சி" என்றான் செல்லதுரை. அவன் ஓசூர் வந்து ஒரு வருடம். அந்தக் கோயில் வாசலைப் பார்த்தவன் இல்லை.

நானும் சொன்னேன். "கிருஷ்ணகிரி மலைல குளவி. ராயக்கோட்டைல பாம்பு."

பாய் டீயை முழுதும் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒருத்தனுக்கு முட்டி. ஒருத்தனுக்கு ஒடம்பு. ஒருத்தனுக்கு வேண்டுதல். இவன் ஜில்லாவுல இருக்கற பாம்பெல்லாம் எண்ணி வச்சிருக்கான்" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல. ராயக்கோட்டை போலாம்."

"அங்க படி ஒழுங்கா இருக்காது பாய்" என்றார் மேஸ்திரி.

"பிரஸ் வர்ற ஷெட்ல மட்டும் தரை ஒழுங்கா இருக்குதா?"

மேஸ்திரி வேனை எடுத்தார்.

ஏறியது

ராயக்கோட்டையில் கூட்டம் இல்லை. தக்காளி லாரிகள் நின்றன. மலையடியில் ஆடு மேய்ந்தது. டிக்கெட் இல்லை, போலீஸ் இல்லை. திம்மராயன் வேனிலிருந்து மணிலாக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பாதி தூரம் பழைய கோட்டைப் படி. சில இடம் படி, சில இடம் வெறும் கல். பாய் நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். அதன் பிறகு ஒரு சரிவுப் பாறை. பிடிக்க எதுவும் இல்லை. பாறையில் வெட்டிய பள்ளங்கள் மட்டும்.

என் வாய் தானாகச் சிக்னல் கொடுத்தது.

"மாதேஷ், நீ மேல போயி நில்லு. திம்மா, கீழ அடை குடு. செல்லதுரை, பக்கம் பாத்துக்கோ. மெதுவா, மெதுவா."

திம்மராயன் கயிற்றில் வளையம் போட்டுப் பாய் இடுப்பில் மாட்டிவிட்டான். ஸ்லிங் மாட்டுகிற மாதிரியே.

பாய் அப்படியே நின்றார்.

"முனி, நான் என்னா லேத்தா?"

பாய் எங்கள் நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களாடா?"

"இல்லீங்க பாய்" என்றேன்.

"லோடுக்குத்தான் வாயில்ல. எனக்கு இருக்குது. கவுத்த அவுறு."

மேஸ்திரி பின்னால் பொரி தின்றுகொண்டு நின்றார். "அவுத்துடு திம்மா" என்றார்.

பாய் அந்தப் பாறையில் தனியாக ஏறினார். ஒவ்வொரு பள்ளத்தையும் கையால் தடவிப் பார்த்தார், பிறகுதான் காலை வைத்தார். சில இடத்தில் காலை வைத்துவிட்டு எடுத்து, வேறு பள்ளத்தில் வைத்தார். அவர் ஏறி முடிக்கும்வரை நாங்கள் கீழேயே நின்றோம். பிறகு நாங்கள் நாலு எட்டில் ஏறிவிட்டோம்.

"பாய் அண்ணாச்சி, இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றான் செல்லதுரை.

"நீ போடா ராசா" என்றார் பாய்.

மேலே இடிந்த சுவர், பச்சைத் தண்ணீர் நின்ற ஒரு குளம். தூரத்தில் ரயில் பாதையில் ஒரு கூட்ஸ் நின்றது. பாய் துண்டை விரித்துத் தொழுதார். பிறகு எல்லாரும் பொரி தின்றோம்.

"ஏறிட்ட" என்றார் மேஸ்திரி. "எறங்கணும்."

"எறங்கறேன். நான் மெதுவாப் போறவன், முன்னால போறேன்" என்று பாய் கிளம்பினார். நாங்கள் கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினோம்.

மழை

ஐப்பசி மழை சொல்லிவிட்டு வருவதில்லை. நாங்கள் அந்தச் சரிவுப் பாறைக்கு வரும்போது கொட்டியது. பாய் அதற்குள் பாறையைத் தாண்டிக் கீழே இருந்தார். நாங்கள் ஐந்து பேரும் மேலே.

செல்லதுரை முதலில் இறங்கினான். நடுவில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். பாறை மேல் தண்ணீர் ஓடியது. வலது பக்கம் பள்ளம். விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எடது கால வை" என்று நான் கத்தினேன். "பின்னால சாயி" என்றான் திம்மராயன். "அசையாத" என்றார் மேஸ்திரி. மூன்று பேர் கத்தினோம். மழைச் சத்தத்தில் அவனுக்கு எது கேட்டதோ தெரியாது. இன்னும் ஒரு அடி சறுக்கினான்.

பாய் அப்போது பாறைக்கு நேர் கீழே நின்றிருந்தார். அங்கிருந்து விலகி, எதிரில் இருந்த ஒரு குண்டுக்கல் மேல் ஏறினார். எங்கள் எல்லாருக்கும் அவர் தெரிந்தார். கையைத் தூக்கி முஷ்டியை மூடினார்.

முஷ்டி என்றால் நில். நாங்கள் மூவரும் வாயை மூடினோம்.

"செல்லதொர, பாய் கையப் பாரு" என்று மட்டும் சொன்னேன். அவன் கண்ணைத் திறந்தான்.

பாய் வலது கையை நீட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக இறக்கினார். செல்லதுரை வலது காலை இறக்கினான். முஷ்டி. நின்றான். கொஞ்சம் இடது என்று காட்டினார். கால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. முஷ்டி. அடுத்து மறுகால். லோடு இறக்குகிற அதே சிக்னல். வாய் பேசவே இல்லை.

அடுத்து மாதேஷ், திம்மராயன். அதன் பிறகு மேஸ்திரி. மேஸ்திரி ஆன நாளிலிருந்து அவர் யார் சிக்னலுக்கும் நின்றவர் இல்லை. அன்று நின்றார். கடைசியில் நான். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பாய்க்குத் தெரிந்தது. அந்தப் பாறையை அடி அடியாகப் பார்த்து ஏறியவர் அவர் ஒருவர்தான்.

கீழே வந்ததும் செல்லதுரை அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"வேண்டுதல் இருக்குன்னியே" என்றார் பாய். "நாளைக்கே போயி முடிச்சுடு."

வேனில் பாய்க்கு இடது கால் செருப்பு கழலவில்லை. அவ்வளவு வீக்கம். மேஸ்திரி அதைப் பார்த்தார். பிறகு வேனை எடுத்தார்.

பிரஸ்

நாலைந்து நாள் கழித்துப் பிரஸ் வந்தது. பாய் காலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏறி எறங்கிட்ட. பேச்சு பேச்சுதான்" என்றார் மேஸ்திரி. "ஆனா ஒண்ணு கேக்கறேன். லோடு சாஞ்சா உன்னால ஓட முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் எப்புடி?"

"ஓடற மாதிரி எடத்துல ஏன் நிக்கணும்?" என்றார் பாய். "லேத் பக்கத்துல நின்னேன், கால் போச்சு. அன்னிக்கு அந்தப் பாறைக்கு அடியிலயே நின்னிருந்தா நீங்க அஞ்சு பேரும் என் மேலதான் விழுந்திருப்பீங்க."

அவர் நொண்டிக்கொண்டே ஷெட்டின் ஓரத்துக்குப் போனார். பேக்கிங் கட்டைகளை மேடை மாதிரி அடுக்கி, அதன்மேல் ஏறி நின்றார். பிரஸ்ஸின் நாலு மூலையும் அவருக்குத் தெரிந்தது. எங்கள் நாலு பேருக்கும் அவர் தெரிந்தார்.

மேஸ்திரி ஒரு சாக்பீஸை எடுத்துப் பிரஸ்ஸைச் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குள் சிக்னல்காரன் வரக் கூடாது என்றார். அதற்குப் பிறகு எங்கள் கேங்கில் அதுதான் சட்டம். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். சிக்னல்காரனின் இடம் லோடுக்குப் பக்கத்தில் இல்லை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்.

நான் செயின் புளாக்குக்குத் திரும்பினேன்.

"எண்ணு" என்றார் பாய்.

கையைத் தூக்கினோம்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

"அஞ்சு."