நான்கு பெட்டிகளும் ஒரு கைப்பையும்

தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரத்தில் பக்தவத்சலத்தைவிட நன்றாகப் பெட்டி கட்டத் தெரிந்தவர் யாரும் கிடையாது. இதைச் சொன்னவர் பக்தவத்சலம். ஆதாரம் கேட்டால் அதையும் அவரே தருவார். பெரிய தொழிற்சாலையின் பேக்கிங், டெஸ்பாட்ச் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம். டர்பைன் பாகங்களை மரப்பெட்டிக்குள் இறக்கி, தார்க்காகிதம் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மூலைக்கு மூலை செருகி, இரும்புப் பட்டை அடித்துச் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி ஏற்றுவார். அங்கிருந்து அவை எந்தெந்த நாட்டுக்கோ கப்பலேறும். அவர் கட்டிய பெட்டி உடைந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெட்டிகள் பார்த்த கடலில் கால்வாசிகூடத் தான் பார்த்ததில்லை என்பதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

மனைவி கனகவல்லி அதற்குச் சிரித்ததில்லை. கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவள் மூன்று முறை ஊட்டிக்கும் ஒரு முறை கன்னியாகுமரிக்கும் துணி எடுத்து வைத்து, நான்கு முறையும் திரும்ப எடுத்து பீரோவில் அடுக்கியிருக்கிறாள். மார்ச் வந்தால் வருஷக் கடைசி டெஸ்பாட்ச். மே வந்தால் லாரி ஸ்டிரைக். "அடுத்த வருஷம் கண்டிப்பா, கனகா" என்று அவர் ஒவ்வொரு முறையும் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிறது. இப்போது எந்த நெருக்கடியும் இல்லை. ஆனாலும் தள்ளிப்போடும் பழக்கம் மட்டும் பணியில் தொடர்ந்தது.

இந்த லட்சணத்தில்தான் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகள் சுபாஸ்ரீ, அம்மாவுக்கு அறுபது வயதாவதை முன்னிட்டு, இரண்டு பேருக்கும் உல்லாசக் கப்பலில் இடம் போட்டுவிட்டாள். சென்னையில் ஏறி, இலங்கையைச் சுற்றிவிட்டு ஐந்தாம் நாள் சென்னையிலேயே இறங்க வேண்டும். பக்தவத்சலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த ஒன்றையாவது சொதப்பாமல் நடத்திக்கொடுத்தால் பழைய நான்கு பயணமும் அவளுக்கு மறந்துபோகும் என்று நினைத்தார். போக வேண்டிய இடமோ கடல். கட்ட வேண்டியது பெட்டி. இதில் தான் தோற்க வழியே இல்லை என்று நம்பினார்.

சுபாஸ்ரீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து விவரம் சொன்னாள்.

"நைனா, ரெண்டே பேக். ரூம் சின்னது, பேகைக் கட்டிலுக்கு அடியிலதான் தள்ளணும். அதனால மடியற மாதிரி பேக். பெரிய பேகைத் துறைமுகத்துலயே வாங்கிப்பாங்க, ரூமுக்கு வர சாயந்திரம் ஆயிடும். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஒரு செட் டிரெஸ் எல்லாம் கைப்பையில இருக்கணும். இந்த லேபிள்ல ரூம் நம்பர் இருக்கு, பேகுக்கு வெளியில கட்டணும். ஐயன் பாக்ஸ், கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கத்தி எதுவும் நக்கோ, வேணவே வேணாம். பிடுங்கி வெச்சுப்பாங்க."

"கடலுக்கு எப்படிக் கட்டணும்னு எனக்கே சொல்றியா?" என்றார் பக்தவத்சலம்.

கனகவல்லி மகள் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் அம்மாவும் மகளும் லிங்கம்பள்ளி போய் வழுக்காத செருப்பு, சட்டென்று காயும் குர்தா இரண்டு, காற்றில் பறக்காமல் தாடையில் கட்டிக்கொள்ளும் தொப்பி, குமட்டல் மாத்திரை, காந்தம் வைத்த கொக்கி நான்கு வாங்கிவந்தார்கள். கப்பல் அறையின் சுவர் இரும்பாம். கொக்கி ஒட்டிக்கொள்ளுமாம், ஈரத்துணி மாட்டலாமாம். பக்தவத்சலம் கொக்கியைக் கையில் வைத்துப் பார்த்து நெடுநேரம் சிரித்தார்.

அவர் ஷாப்பிங் போனது பேகம் பஜாருக்கு. துணைக்கு, அவர் பிரிவில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சலீம். முப்பது வருஷம் பக்தவத்சலத்தின் அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவர். கான்வாஸ் துணி எட்டு கஜம், சணல், கோணி ஊசி, பூட்டு நான்கு, சங்கிலி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒரு டஜன் என்று வாங்கியதைப் பார்த்து சலீம் கேட்டார்.

"கைக்கு சாப், எதுக்கு இவ்ளோ சாமான்? நீங்க கப்பல்ல ஆளா போறீங்களா, டர்பைனா போறீங்களா?"

கிரேன் ஓட்டியவருக்குப் பேக்கிங் புரியாது என்று பக்தவத்சலம் விட்டுவிட்டார்.

நான்கு பெட்டிகள் உருவாயின. ஒன்றாம் பெட்டியில் நல்ல துணிகளும் பயணத் தாள்களும். இரண்டில் மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, கம்பளி. மூன்றில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, முறுக்கு, கெட்டில், கத்தி. நான்கில் ஐயன் பாக்ஸ், டார்ச், குடை, கயிறு. ஒவ்வொன்றுக்கும் கான்வாஸ் உறை போட்டு இரட்டைத் தையல் தைத்தார். டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு விதி உண்டு. அசல் தாள்கள் நனையாத உறையில், ஒன்றாம் பெட்டிக்குள். நகல் அனுப்புகிறவர் கையில். அந்த விதிப்படி பாஸ்போர்ட்டை ஒன்றாம் பெட்டியின் அடியில் வைத்து, ஜெராக்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் கொடுத்த லேபிள்களும் வெறும் தாள்தானே, உப்புக்காற்றில் கிழிந்துவிடும் என்று அவற்றையும் அதே உறையில் பத்திரப்படுத்தினார்.

"உன் பாஸ்போர்ட்டையும் குடு, சேத்து வெச்சுடறேன்."

"எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் கனகவல்லி.

"நீ தொலைச்சிடுவ."

"தொலைச்சா நான்தானே போக முடியாது? உங்களுக்கென்ன?"

சென்னைத் துறைமுகத்தில் பயணிகள் கூடத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. சீருடை போட்டவர்கள் நான்கு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது பக்தவத்சலத்துக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் ஜெராக்ஸை நீட்டினார்.

"ஒரிஜினல் சார்?"

"பொட்டி நம்பர் ஒண்ணுல இருக்கும்மா."

"பெட்டி எங்க?"

"உங்க ஆளுங்கதான் எடுத்துட்டுப் போனாங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் மாறியது. ஆனால் பொறுமைசாலி. "பரவால்ல சார். ரூம் நம்பர் போட்ட லேபிள் கட்டியிருப்பீங்க இல்ல? அத வெச்சுத் தேடச் சொல்றேன்."

"லேபிளும் பொட்டி நம்பர் ஒண்ணுலதாம்மா இருக்கு" என்றார் பக்தவத்சலம். பிறகு, கேட்காமலேயே, "நனையாம" என்று சேர்த்துக்கொண்டார்.

தேட ஆள் போனது. இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இரண்டாயிரம் பேருடைய மூட்டை முடிச்சுக்குள் லேபிள் இல்லாத நான்கைத் தேட வேண்டும். வரிசை கரைந்துகொண்டே வந்தது. இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்து, மூன்று மணிக்குக் கவுன்டர் மூடிவிடும், அம்மாவுடைய பாஸ்போர்ட் இருப்பதால் அவர் இப்போதே ஏறிவிடலாம், சார் பெட்டி கிடைத்ததும் வரட்டும் என்றாள்.

பக்தவத்சலம் பெருந்தன்மையாக, "நீ வேணும்னா போ, கனகா" என்றார்.

அந்த 'வேணும்னா' எதற்கு என்று குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். 'நீங்க இல்லாம நான் மட்டுமா?' என்று எதிராளி சொல்வதற்காக வைக்கப்படும் சொல் அது. முப்பத்தாறு வருஷமாகக் கனகவல்லி அதைத் தவறாமல் சொல்லியும் வந்திருக்கிறாள்.

"சரிங்க" என்று எழுந்தாள் கனகவல்லி.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். "சுகர் மாத்திரை?"

"ரெண்டாம் பொட்டி."

அவள் பையைத் திறந்து அவருடைய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவருக்காக அதையும் தனியாக எடுத்து வந்திருக்கிறாள். அப்புறம் போய்விட்டாள். வாசலில் ஒரு தடவை திரும்பிக் கையாட்டினாள். சிரித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியும் இரண்டாம் பெட்டியில்தான் இருந்தது.

இரண்டே காலுக்குப் பெட்டிகள் கிடைத்தன. லேபிள் இல்லாததால் அவை கப்பலுக்கே போகவில்லை. கூடத்தின் பின்னால் ஒரு மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பக்தவத்சலம் பாய்ந்து ஒன்றாம் பெட்டியின் தையலைப் பிடித்து இழுத்தார். அது பக்தவத்சலம் போட்ட தையல். மலையே வந்து மோதினாலும் பிரியாது. கூடத்தில் யாரிடமும் கத்தியோ பிளேடோ இல்லை. அவருடைய கத்தி மூன்றாம் பெட்டிக்குள், இதே தையலுக்குள் இருந்தது. காவலர் ஒருவர் இரங்கித் தன் சாவியால் நெம்பிக் கொடுத்தார். கட்டிய பல் ஒன்று ஆடும்வரை இவர் சணலைக் கடித்தார். உறை பிரிந்து, சங்கிலி கழன்று, பூட்டு திறந்து, பட்டுப்புடவைக்கும் வேட்டிக்கும் அடியிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வந்தபோது மணி மூன்று பத்து. பாஸ்போர்ட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. கவுன்டரில்தான் ஒருவரும் இல்லை.

மண்ணடியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். சென்னையில் சொந்தக்காரர்கள் நிறைய உண்டு. ஆனால் என்னவென்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது? முதல் நாள் முழுக்கக் கோபம். கட்டினவன் தரையில் நிற்கிறான், இவள் பாட்டுக்குக் கிளம்பிவிட்டாளே என்று. அவள் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகத் தயாரித்தார். சுபாஸ்ரீ போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "சாரி நைனா, நான் லீவ் போட்டுட்டு வரட்டுமா?" என்றாள். நக்கோ என்று வைத்துவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லாட்ஜ் வாசத்துக்கு அந்த நான்கு பெட்டிகளைப் போல உதவியவை வேறெதுவும் இல்லை. கெட்டிலில் காபி போட்டார். ஐயன் பாக்ஸில் தினமும் சட்டை தேய்த்தார், போக இடமில்லாவிட்டாலும். கயிற்றில் துண்டு காயப்போட்டார். பொழுது போகாமல், முதல்முறை கப்பல் போகிறவர்களுக்குத் தன் அனுபவத்திலிருந்து பத்து யோசனைகள் எழுதினார். எழுதி முடித்துப் படித்தால் அது வரிக்கு வரி சுபாஸ்ரீ சொன்னதுதான்.

மூன்றாம் நாள் போனில் ஒரு போட்டோ வந்தது. திருகோணமலை என்று கீழே எழுதியிருந்தது. கடலை ஒட்டித் தொப்பியும் குர்தாவுமாகக் கனகவல்லி, பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள். கனகவல்லி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இப்படி இவள் சிரித்துக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அது வலித்தது. நான் கூட இல்லாததால்தான் சிரிக்கிறாளோ என்று தோன்றியது. அது இன்னும் வலித்தது. தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் உதிர்ந்து அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபத்து நான்கு வயது மனிதர் அழுதார்.

ஐந்தாம் நாள் துறைமுக வாசலில் கப்பலுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றார். கனகவல்லி அதே கைப்பையோடு வந்தாள். நெஞ்சில் நங்கூரம் போட்ட டீ-ஷர்ட் ஒன்று போட்டிருந்தாள். கப்பல் கடையில் வாங்கியதாம். முகம் வெயிலில் கறுத்திருந்தது. "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றார்.

சென்ட்ரலுக்குப் போகும் டாக்ஸியில் அவள் வாய் ஓயாமல் பேசினாள். போட்டோவில் பக்கத்தில் நின்ற நெல்லூர் அம்மாளுக்கு இரண்டு கொக்கி கொடுத்தாளாம், அதிலிருந்து சிநேகிதமாம். பெரிய பெட்டி கொண்டுவந்தவர்கள் எல்லாம் அறைக்குள் கால் வைக்க இடமில்லாமல் திண்டாடினார்களாம். இரண்டு குர்தாவை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டே ஐந்து நாளும் ஓடிவிட்டதாம். ஒரு விடியற்காலையில் மீன்கள் கூட்டமாகக் கப்பலோடு போட்டி போட்டுத் துள்ளினவாம். பக்தவத்சலம் மடியில் ஒன்றாம் பெட்டியை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"நான் இல்லாதது உனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சா?"

கனகவல்லி யோசித்தாள்.

"மொத நாள் இருந்துச்சு. சாப்பாட்டு டேபிள்ல எதிர் நாற்காலி காலியா கெடந்துது. சோறு எறங்கல. எழுந்து வந்துட்டேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்புறம்?"

"அப்புறம் நேரமே இல்லீங்க" என்றாள் கனகவல்லி, உண்மையாகவே.

டாக்ஸி சிக்னலில் நின்றது. அவள் டீ-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டிசம்பர்ல லட்சத்தீவுக்கு ஒரு கப்பல் போவுதாம். நானும் நெல்லூர் அம்மாவும் போறதா பேசிக்கிட்டோம்." அவரைப் பார்த்தாள். "நீங்களும் வர்றதுன்னா வாங்க."

கூட்டிக்கொண்டு போகிறவராகவே முப்பத்தாறு வருஷம் பேசிவந்தவர், அவள் மனசு மாறுவதற்குள் "வர்றேன், கனகா" என்றார்.

"ஒரு பைதான்."

"சரி" என்றார் பக்தவத்சலம்.