பட்டியலில் இல்லாத கணினியும் ஹலோ அக்காவும்

அந்த மருத்துவமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்த ஒன்பதடி அறையில், தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் பத்தொன்பது வருடம் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் அவர் ஹலோ அக்கா. உள்ளிணைப்பு எண்கள் நூற்றுப் பன்னிரண்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிறகு ஒருநாள் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எண்ணை அழுத்தினால் தானாகவே இணைக்கும் பெட்டி ஒன்று வந்தது. நாற்பத்தாறு வயதில் ஹலோ அக்கா வீட்டுக்கு வந்தார்.

ஐந்து மாதம் சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. வேலை கேட்டுப் போன ஆறு இடங்களிலும் முதலில் வயதைக் கேட்டார்கள். ஏழாவதாக ஒரு காப்பீட்டு நிறுவனம், வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் பேச ஆள் தேடியது. அவர்கள் குரலைத்தான் கேட்டார்கள். வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் தேர்வு. அது அவர்களுடைய சாஃப்ட்வேர் வழியாகத்தான் நடக்கும். ஐந்து நிமிடத்துக்குள் குரல் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஹெட்செட்டை மட்டும் முன்கூட்டியே அட்டைப்பெட்டியில் அனுப்பிவைத்தார்கள்.

வீட்டிலிருந்தது பதினோரு வருடப் பழைய மடிக்கணினி. வேறெதுவும் அதில் நகராது என்று கொழுந்தன்தான் விண்டோஸுக்குப் பதிலாக யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருந்தார். எதிலெல்லாம் தங்கள் சாஃப்ட்வேர் ஓடும் என்று நிறுவனம் தந்த பட்டியலில் இரண்டு லினக்ஸ் இருந்தன. இது இல்லை.

கொழுந்தன் வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். திங்கட்கிழமை காலை ஹலோ அக்கா அவரைப் போனில் பிடித்தார்.

"தம்பி, நீ போட்டுக் குடுத்தது ஊர் உலகத்துல யார்கிட்டயும் இல்லாத சரக்கா? இவங்க லிஸ்ட்லயே காணோமே."

"நல்ல சரக்கு அப்படித்தான் அண்ணி, எல்லார்கிட்டயும் இருக்காது."

"பெருமையெல்லாம் அப்புறம் பேசு. வியாழக்கிழமைக்குள்ள இது பேசணும்."

"பேச வச்சிருவோம். அவங்க இன்னொரு லினக்ஸுக்குக் கட்டி வச்சிருக்கிற பொட்டலத்தை எடுத்து, நாமளே பிரிச்சு, உள்ள இருக்கிறதைக் கையால அடுக்கணும். நான் இப்போ ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். சொல்லச் சொல்ல எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பொட்டலம் பிரிந்தது, ஆனால் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. துணைக்கோப்புகளில் மூன்று இல்லை என்று திரை சொன்னது. இரண்டை அன்று மாலைக்குள் தேடி எடுத்துப் போட்டார்கள். மூன்றாவது ஒலிக்கானது. அந்தச் சின்ன லினக்ஸில் அது கிடையவே கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியம் கொழுந்தன் ஒரு மாற்று வழி சொன்னார்: சாஃப்ட்வேர் கேட்கும் ஒலிக்கோப்பு நான்தான் என்று சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கும் சிறு நிரல் ஒன்று.

"அதாவது இந்த ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவுல ஒரு வயர்" என்றார் ஹலோ அக்கா.

"அதேதான். நான் இதைப் புரிஞ்சுக்க ரெண்டு வருஷம் ஆச்சு."

"உனக்கு அவ்வளவுதான் தம்பி."

மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சாஃப்ட்வேர் திறந்தது. தன் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். மணி போல இருந்தது. உடனே அதன் வழியாகவே கொழுந்தனின் போனைக் கூப்பிட்டார். கொழுந்தன் பேசுவது இவருக்குக் கேட்டது. இவர் பேசுவது அங்கே கேட்கவில்லை. துண்டித்தார். மறுபடி பதிவு செய்து பார்த்தால் நன்றாக இருந்தது. மறுபடி அழைத்தால் மௌனம். புதன்கிழமை மதியத்துக்குள் பதினான்கு அழைப்பு ஆயிற்று. ஒன்றில்கூட அவர் குரல் போய்ச் சேரவில்லை.

"அண்ணி, அந்த நடுவுல நிக்கிற நிரல்தான் காலை வாருது. விட்டுடுவோமா? தேதியை மாத்திக் கேளுங்க."

"மாத்த மாட்டாங்க. நீ போனை வச்சிட்டு லிஃப்டைப் பாரு. நாலு மணிக்குக் கூப்பிடுறேன்."

பலகையில் இணைப்பு கெட்டால் அவர் ஒன்றையும் குறை சொல்லமாட்டார். ஒரு முனையிலிருந்து தொடங்கி, இடையிலிருப்பதை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே மறுமுனைக்குப் போவார். அன்றும் அப்படியே செய்தார். ஹெட்செட்டை வேறு துளையில் செருகினார். ஒலி அளவுகளைச் சரிபார்த்தார். நிரலை எடுத்து மறுபடி போட்டார். எல்லாம் மாற்றியாகிவிட்டது, மாற்றாமல் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: பேசுகிற ஆள். அச்சகத்தில் இயந்திரப் பழுது பார்க்கும் கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார்.

"ஏங்க, இங்க வந்து உட்காருங்க. உங்க தம்பிகிட்ட ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"இருபத்திரண்டு வருஷமா எங்கிட்டயும் இதையேதான் கேக்குறீங்க. உட்காருங்க."

அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "டேய், சாப்பிட்டியா?" என்றார்.

"அண்ணே! நல்லாக் கேக்குதுண்ணே. பக்கத்துல நின்னு திட்டுற மாதிரியே இருக்கு."

ஹலோ அக்கா ஹெட்செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். "உங்க தம்பி பேச ஆரம்பிச்சதும் என் கையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அழைத்தார்.

"இடது கட்டைவிரல்" என்றார் கணவர். "வயர்ல இருக்கிற பொத்தானைக் கீழ தள்ளுற."

மருத்துவமனையில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. இணைப்பு திறந்ததும் தன் வாயை அடைத்துக்கொண்டு முதலில் காது கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் யாராவது அழுதுகொண்டிருக்கலாம், டாக்டர் பேச்சின் நடுவில் இருக்கலாம். பலகையில் அதற்கென்று சாவி என்கிற சின்ன விசை உண்டு; விரலை எடுத்ததும் தானாக மேலே வந்துவிடும். ஹெட்செட் வயரில் இருந்த, மைக்கை அடைக்கும் பொத்தான் தள்ளிய இடத்திலேயே நின்றது. அழைப்பு முடிந்ததும் சாவி வரிசையை மேல்நோக்கித் தடவிவிடுவதும் பழக்கம். அதே பழக்கத்தில் இந்தப் பொத்தானையும் விரல் மேலே தள்ளிவிட, தனியாகப் பதிவு செய்யும்போதெல்லாம் பொத்தான் சரியாகவே இருந்திருக்கிறது.

"அண்ணி, அப்போ என் நிரல் மேல தப்பில்லையா?"

"இல்ல தம்பி. அதை நானும் உள்ளுக்குள்ள நிறையத் திட்டிட்டேன்."

புதன் மாலை கொழுந்தனை இன்னும் ஒன்பது முறை அழைத்துப் பழகினார். ஆறில் விரல் பேச்சைக் கேட்டது, மூன்றில் கேட்கவில்லை. அந்தக் கணக்கை நம்பித் தேர்வுக்கு உட்கார முடியாது. கணவர் அச்சகத்து ஒட்டுநாடாவில் ஒரு துண்டு கிழித்து, பொத்தான் அசையாதபடி மூன்று சுற்று சுற்றினார்.

வியாழக்கிழமை பத்து முப்பத்தொன்றுக்கு அழைப்பு வந்தது. கட்டைவிரல் போனது, நாடாவில் வழுக்கியது. "வணக்கம், சொல்லுங்க" என்றார். தேர்வு செய்யும் பெண் கோபக்கார வாடிக்கையாளராக மாறி, மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் கத்தினார். ஹலோ அக்கா குறுக்கிடவில்லை. கத்தி முடித்ததும், அவர் சொன்னதில் இருந்த இரண்டு குறைகளையும் தேதியோடு திருப்பிச் சொன்னார். பதினாறு நிமிடம் ஆயிற்று.

"குரல் தெளிவா இருக்கு" என்றார் அந்தப் பெண், சொந்தக் குரலில். "என்ன சிஸ்டம் வச்சிருக்கீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எங்க லிஸ்ட்ல இல்லையேம்மா. அப்டேட் வந்து நின்னு போச்சுன்னா எங்க ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. ஒரு நாள் லாகின் ஆகலைன்னாலும் வேலை போயிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல. எப்ப ஆரம்பிக்கணும்?"

"திங்கட்கிழமை எட்டு மணி."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்ததும் அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. முதலில், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தினார். பிறகு வேலை செய்துகொண்டிருந்த அத்தனை கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதன் மேல் தேதி ஒட்டினார். அதன் பிறகுதான் கொழுந்தனை அழைத்தார்.

"என்ன அண்ணி, கிடைச்சுதா?"

"கிடைச்சுது. திங்கள்கிழமை காலைல ஏழு மணிக்கு மட்டும் எந்த லிஃப்ட்லயும் தொங்காத."