படகுப் பாட்டை நான்கு சுற்றிலும் கேட்டவள்

முதல் கச்சேரிதான் உசத்தி என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கே இருந்ததில்லை. நான் இருந்தேன். மேடைக்குப் பத்தடி தூரத்தில், இடது பக்க ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு நின்றேன். அன்று அந்தக் குழு சுமாராகத்தான் வாசித்தது. இதைச் சொன்னால் என் வயதுக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் பாறசாலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை என்று வளர்ந்தவள். சுருக்கெழுத்துப் படிக்கத் திருவனந்தபுரம் வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். இந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ராக் குழு ஆரம்பித்து, மாநிலம் முழுக்கச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாட்டு ஆங்கிலம், பாதி மலையாளம். பாடுகிறவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும்.

அவர்களுடைய பாட்டு ஒன்றை நாங்கள் படகுப் பாட்டு என்று சொல்வோம். ஒருவன் படகுத்துறைக் கடவுக்கு ஓடி வருகிறான், படகு கிளம்பிவிட்டது. கடைசியில் அவன் படகைக் கூப்பிடுகிறான். அந்தக் கூப்பாடு மேலே மேலே ஏறி உச்சியில் போய் அப்படியே நிற்கும். அதைக் கேட்கத்தான் எல்லோரும் போனோம். என் அறைத்தோழி பையில் ஒரு டேப் ரெக்கார்டரை ஒளித்து எடுத்து வந்திருந்தாள். அந்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டுக் கேட்டால் தெரியும்: டிரம்ஸ் அடித்தவர் யாரோ துரத்துவதைப்போல ஓடுகிறார், இரண்டாவது கிட்டார் சுருதி சேரவில்லை, அந்தப் பெரிய கூப்பாடும் சுருதிக்கு மேலே போய்விட்டது. அன்று எங்களுக்கு அது எதுவும் கேட்கவில்லை. நாங்களே அதைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தோம்.

ஊரில் யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் போய் இறங்கியதும் அப்பா கேட்டார்.

"ஆம்பிளைகளுக்கு நடுவுல நிண்ணு கூவினியாமே?"

"கூவல்லப்பா. பாடினேன்."

"என்னது, சபையில பாடுக ஞானப்பாட்டா?"

"இல்ல. படகுப் பாட்டு."

அப்பா அடிக்கவில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு வரும்படி சொன்னார். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. நான் காலி செய்யவில்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மைதான் நடுவில் நின்று சோறு போட்டாள்.

அந்தக் குழு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பியபோது எனக்குக் கல்யாணமாகி, அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்து, மகளுக்கு ஆறு வயது. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் திருவனந்தபுரத்திலேயே கனகக்குன்று அரண்மனை வளாகத்துக்குப் போனோம். இப்போது நாற்காலி இருந்தது, வரிசை எண் இருந்தது. குழு நன்றாகத் தேறியிருந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. படகுப் பாட்டின் கூப்பாடு கம்பியைப்போல ஏறி நின்றது. என் கணவர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எதையும் அளந்துதான் பாராட்டுவார். அவரே எழுந்து நின்று கை தட்டினார்.

மறு வாரம் கொச்சியில் ஒரு கல்யாணம் இருந்தது. அங்கேயும் அவர்கள் கச்சேரி என்று தெரிந்து, சாயங்காலம் அதற்கும் போனோம். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் பாடகர் ஒரு வேடிக்கை சொன்னார். திருவனந்தபுரத்தில் சொன்ன அதே வேடிக்கை. அதே இடத்தில் நெற்றியைத் துடைத்தார். கிட்டார் வாசித்தவர் அதே வரிக்கு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கூப்பாடும் அதே நீளம்; நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். ரயிலில் திரும்பும்போது கணவர், "இதுக்கு மேல ஒருத்தன் பாட முடியாது" என்றார். எனக்குச் சலிப்பாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

பிறகு குழு பிரிந்தது. பாடகருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று பத்திரிகையில் படித்தோம். பல வருஷம் கழித்து, மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று நகரம் முழுக்கச் சுவரொட்டி. மூன்றாவது சுற்று அது. மேடைக்குப் பின்னால் பெரிய திரை, கண்ணைப் பறிக்கிற விளக்குகள், கறுப்புச் சட்டை போட்ட நடுவயதுக்காரர்கள் கூட்டம். படகுப் பாட்டு வந்தது. கூப்பாடு ஏறியது, உச்சிக்குப் போய் நின்றது. பாடகர் அப்போது முன்வரிசையில் யாருக்கோ கை கொடுக்கக் குனிந்தார். மைக் அவர் வாயை விட்டு ஒரு முழம் விலகியிருந்தது. கூப்பாடு நிற்கவில்லை.

"அவரு பாடல்ல" என்றேன்.

"பின்ன யாரு பாடுகா?" என்றார் கணவர்.

"மெஷீன்."

"நல்லாத்தானே இருக்கு. சும்மா கேளு."

"நல்லாத்தான் இருக்கு. அவரு பாடல்ல."

சுற்றிலும் ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நான் பாதியில் எழுந்து வெளியே வந்து, பைக் நிறுத்திய இடத்தில் நின்றேன். கணவர் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் பாட்டை நான் போடவே இல்லை.

இங்கே என் இன்னொரு பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் ஆல்டோ. மெட்டைப் பாடுவது முன்வரிசைப் பெண்கள். நாங்கள் பின்னால் நின்று, அதற்குக் கீழே ஒரு வரி பாடுவோம். தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. இரண்டு மூன்று சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் அது இல்லாவிட்டால் மேலே பாடுகிறவர்களின் குரல் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்த வரியைப் பாடினேன். பிரசவத்துக்கும் டைபாய்டுக்கும்தான் லீவு எடுத்திருக்கிறேன்.

போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவின் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை, பியானோ பிரமாதமாக வாசிப்பார்.

"ஆன்ட்டி, கமிட்டியில ஒரு தீருமானம் எடுத்திருக்கு. அம்பத்தஞ்சு தாண்டினவங்க இனி ஆலோசகர்களா இருக்கலாம்னு."

"ஆலோசகர்னா என்ன செய்யணும்?"

"பிரத்யேகிச்சு ஒண்ணும் செய்யண்டாம். முன்னால உக்காந்து கேக்கலாம்."

"என் பாட்டுல என்ன குறை, தம்பி?"

அவர் தரையைப் பார்த்தார். "மேல போகும்போ கொஞ்சம் நடுங்குகு, ஆன்ட்டி."

பொய் இல்லை. நடுங்கத்தான் செய்தது. என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் நீக்கப்பட்டார்கள். அடுத்த ஞாயிறு மூவரும் புடவை மடிப்புக் கலையாமல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கணவர் கதவுக்கு வெளியே நின்று, "செரி, ரெஸ்ட் எடுக்கலாம்லா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அழுகை நின்றது. கோபம் வந்துவிட்டது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் குழு மறுபடி கிளம்பியது, நான்காவது சுற்று. நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் என் மகள் என்னைக் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"அம்மா, மூணு பேருக்கும் எடுத்தாச்சு, கேட்டோ. இனி வரல்லேன்னு பறயண்டா."

"அந்த மெஷீனைக் கேக்கதுக்கு நான் வரல்ல."

"இப்ப மெஷீன் இல்லியாம். அதனாலதான் எல்லாரும் சீத்த பறயுகா."

மோசம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் எடுத்த துண்டு வீடியோக்களைப் போட்டு, கிழவனுக்கு இனி ஓய்வு கொடுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் நான் வருவதாகச் சொன்னேன்.

இந்த முறை சிறிய அரங்கு. திரை கிடையாது. ஐவரில் மூவர்தான் பழையவர்கள். பாடகர் ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை, கழுத்தில் தழும்பு முன்வரிசைக்குத் தெரியும். எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கிப் பாடினார். படகுப் பாட்டை ஆரம்பித்ததும் நான் மனதுக்குள் பழைய சுரத்தைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு சுரத்துக்கும் மேல் இறக்கியிருந்தார். வேகமும் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. பின்னாலிருந்து சில இளைஞர்கள் சிரித்தார்கள். ஒருவன் கத்தினான்:

"அண்ணா, மதி. நிர்த்திக்கோ."

போதும், நிறுத்திக்கொள் என்கிறான். அரங்கில் கொஞ்சப் பேர் அதற்கும் சிரித்தார்கள். பாடகர் கையை உயர்த்தினார், வாத்தியங்கள் நின்றன. அவர் மைக்கில் சாதாரணமாக, கடையில் ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற குரலில் கேட்டார்.

"நினக்கு மதியாயோ?"

ஸ்டூலில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனிக்கு மதியாயில்ல."

உனக்குப் போதுமா, எனக்குப் போதவில்லை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு திரும்பி, முதலிலிருந்து என்று வாத்தியக்காரர்களுக்கு விரல் காட்டினார். மொத்தப் பாட்டையும் திரும்பப் பாடினார். இரண்டாவது சரணத்தில் குரல் திரும்பவும் உடைந்தது, அவர் நிற்கவில்லை. கூப்பாடு வரவேண்டிய இடம் நெருங்கியதும் அரங்கில் இருமல்கூட இல்லை. கிட்டார் அந்தப் பழைய கூப்பாட்டை மெல்ல எடுத்து மேலே கொண்டுபோனது. அவர் மேலே போகவில்லை. கீழே இறங்கி, இரண்டு மூன்று சுரத்துக்குள் நின்று, படகைக் கூப்பிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது ஆல்டோ வரி. அந்தப் பாட்டை எனக்குக் கொடுத்திருந்தால் நான் அதைத்தான் பாடியிருப்பேன்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து, "சேச்சி, இரிக்கு" என்றார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை நின்று அந்த வரியை அவரோடு பாடினேன். என் குரலும் நடுங்கிற்று.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குச் சபையில் பாடகர் குழுப் பயிற்சி. நான் போய் பின்வரிசையில் என் இடத்தில் நின்றேன். மாஸ்டர் பியானோவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆன்ட்டி, ஆலோசகர்கள் பயிற்சிக்கு வரண்டா."

"ஆலோசனை சொல்லத்தான் வந்தேன், தம்பி. ஆல்டோவுல மூணு பேர் குறைஞ்சுபோச்சு. மேல பாடுக பிள்ளைகளுக்குப் பிடிமானம் இல்ல. ஒரு மாசமா பெஞ்சுல இருந்து கேக்கேன்லா."

"கமிட்டி தீருமானம் ஆன்ட்டி அது. நான் என்ன செய்ய?"

"அப்ப நான் பாடுகேன், நீங்க கமிட்டிக்குப் போய்ச் சொல்லுங்க."

அவர் பாட்டுத் தாள்களைப் புரட்டினார். பிறகு ஒரு பாட்டின் ஆல்டோ வரியை வாசித்து, தனியாகப் பாடும்படி சொன்னார். இருபது பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடினேன். எட்டாவது அடியில் குரல் உடைந்தது.

"உடஞ்சுது, கேட்டேன். மேல போற அந்த ஒரு அடிய விட்டுட்டு கீழ நிக்கேன். பிள்ளைகள் அத எடுக்கட்டு" என்றேன்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. முன்வரிசைப் பெண்களையும் சேர்த்துப் பாடச் சொன்னார். கேட்டார். பென்சிலால் தாளில் எதையோ மாற்றி எழுதினார். "அடுத்த பாட்டு" என்றார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் இருந்தேன்.

மற்ற இரண்டு பெண்களுக்கும் அன்று சாயங்காலமே போன் செய்தேன். ஒருத்தி அடுத்த வாரம் வந்துவிட்டாள். இன்னொருத்தி, "நமக்கு எதுக்கு இந்த மானக்கேடு" என்று வைத்துவிட்டாள். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. எங்கள் மூவரில் நல்ல குரல் அவளுடையதுதான்.

வீட்டில் விவாதம் தீரவில்லை. கணவருக்கு இன்றும் இரண்டாவது சுற்றுதான். சுரம் பிசகாமல் பாடியதை விட்டுவிட்டு, உடைந்ததை எப்படி நல்லது என்கிறாய் என்று கேட்கிறார். நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை பாடகர் எங்களுக்காகக் கத்தினார். இரண்டாவது தடவை நேற்றுப் பாடியதையே பாடினார். மூன்றாவது தடவை பாடவே இல்லை. நான்காவது தடவை, தன்னிடம் இருந்த குரலில் பாடினார். கணவர் தலையை ஆட்டிக்கொண்டு பத்திரிகைக்குள் போய்விடுவார். என் முடிவு மாறப்போவதில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் நானும் திரும்பி வந்த அந்தப் பெண்ணும் பின்வரிசையில் நின்று பாடினோம். முடிந்து கலையும்போது கமிட்டிச் செயலாளர் கேக் தட்டோடு என்னிடம் வந்தார்.

"பாட்டு கொள்ளாம், நல்லா இருந்துது. அடுத்த வருஷமாவது இளையவங்களுக்கு வழி விடணும், கேட்டோ."

"வழி இருக்கே. பின்வரிசையில ஒரு எடம் காலி. வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் கேக்கை எடுத்துக்கொண்டேன்.