ஞாயிறு மதியம் படிக்கிற பேப்பர்

காக்ஸ் டவுனில் யார் வீட்டு நாய் காணாமல் போனாலும், யார் வீட்டு மாடி வாடகைக்குக் காலியானாலும், சேதி முதலில் ஹெர்பர்ட் வீட்டுக்குத்தான் வந்து சேரும் என்று ஒரு காலம் இருந்தது. அவர் போலீசும் இல்லை, புரோக்கரும் இல்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காகக் காலம் தள்ளியவர். ஆனால் அவரிடம் ஒரு பத்திரிகை இருந்தது. ‘வட்டாரச் செய்தி’ என்று அழகாகத்தான் பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரை ஒருத்தரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது ‘ஹெர்பர்ட் பேப்பர்’.

முதல் பக்கத்தில் தண்ணீர். எந்தத் தெருவுக்கு என்றைக்கு விடுவார்கள், எங்கே கரண்ட் நிற்கும், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் நம்பர், கேஸ் நம்பர், குழாய் ரிப்பேர் கோவிந்தப்பா நம்பர். உள்ளே டியூஷன், வாடகை வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா. கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம். அந்தக் கட்டத்தில் செத்தவர்கள் வருவார்கள். ஹெர்பர்ட்டின் மனைவி மௌரீன் போட்ட வரிசை இது. “மனுஷனுக்கு முதல்ல தண்ணி வேணும். சாவு கடைசியில வந்தா போதும்” என்பாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

பேப்பரே அவள் யோசனைதான். கல்யாணமான புதிதில் அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு கிழவர் இறந்துபோனார். அடக்கமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் இவர்களுக்குத் தெரிந்தது. பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் சவப்பெட்டி விற்கிற கடைக் கூலிகளே தூக்கிக்கொண்டு போனார்களாம். மௌரீன் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்து ஹெர்பர்ட்டே பயந்துபோனார். “பக்கத்துத் தெரு மனுஷன் செத்தது தெரியாம நாம மீன் குழம்பு சாப்பிட்டிருக்கோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படிப் பிறந்ததுதான் அந்தத் தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹெர்பர்ட் ஸ்கூட்டரில் சுற்றி, பேப்பரை மடித்து கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். ஞாயிறு காலை சபைக்குப் போகிறவர்கள் அதைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு போய், பிரசங்கத்தின் நடுவில் பிரித்து வைத்துக்கொண்டு, யார் வீட்டில் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று குசுகுசுப்பார்கள். போதகர் ஒருநாள் பிரசங்க மேடையிலிருந்தே மானத்தை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மௌரீன் பேப்பரின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு படிக்கவும்.’ ஊர் சிரித்தது. சிரித்தாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. அதன் பிறகு ஹெர்பர்ட் பேப்பர் வந்தால் ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு ஞாயிறு மதியம்தான் பிரிப்பது என்று அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கமே ஆகிவிட்டது.

அப்படியானால் நடுவாரத்தில் செத்தவர்களுக்கு என்ன கதி? அதற்குத்தான் ஹெர்பர்ட்டின் கால்கள் இருந்தன. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவர் உடனே கிளம்பிவிடுவார். வீடு வீடாகப் போய் கேட் கொக்கியை இரண்டு தட்டுத் தட்டுவார். “இன்னார் போயிட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கறாங்க. வந்துடுங்க.” அவ்வளவுதான். சாவுச் சேதி சொல்ல வந்தவர் உள்ளே வரக்கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது, ‘வரேன்’ என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. தட்டுவார், சொல்வார், அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார். கறுப்புக் கட்டம் அதற்கப்புறம் சனிக்கிழமை வரும், நடந்து முடிந்ததைச் சொல்ல.

பிறகு காலம் மாறியது. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அதில் ஒன்றின் சங்கச் செயலாளர் ஹரிஷ்குமார், சேலத்துப் பிள்ளை, ஐடி வேலை, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தான். தண்ணீர் வரும் நேரம் தண்ணீர் வருவதற்கு முன்பே அதில் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை வரும் தாளை அப்புறம் யார் சீந்துவார்கள்? விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பேப்பர் நின்றது. நின்றதை அறிவிக்கக்கூட ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. அதையும் ஹெர்பர்ட் போடவில்லை. கோபம்.

மௌரீன் படுத்தது அதற்குப் பிறகுதான். சர்க்கரை வியாதி முதலில் காலைத் தின்றது, அப்புறம் சிறுநீரகத்தைத் தின்றது. பிள்ளைகள் இல்லை. ஹெர்பர்ட்தான் எடுத்துக் கட்டி எல்லாம் பார்த்துக்கொண்டார். கடைசி மாதங்களில் அவளுக்கு வேறு எந்தப் பயமும் இல்லை, ஒன்றைத் தவிர.

“ஏங்க, எனக்குக் கூட்டம் வருமா?”

“என்ன பேச்சு இது? உன்கிட்ட படிச்ச பிள்ளைங்களே பாதி ஏரியா.”

“கூலிக்காரங்க தூக்கக் கூடாதுங்க. நம்ம ஆளுங்கதான் தூக்கணும். ஊருக்கெல்லாம் சேதி சொன்னீங்க, என்னை மட்டும் விட்டுடாதீங்க.”

“காக்ஸ் டவுனே வரும் பாரு” என்றார் ஹெர்பர்ட். அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவள் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து போதகர் வந்தார். ஜெபம் பண்ணிவிட்டு, “நாளைக்கு நாலு மணிக்கு வெச்சிக்கலாம். சபைல எல்லாருக்கும் போன் போடச் சொல்லவா ஐயா?” என்று கேட்டார்.

“வேணாம் பாஸ்டர். இத்தனை வருஷம் சேதி சொன்னவன் நான். என் வீட்டுச் சேதியை நானே சொல்லிக்கிறேன்.”

எத்தனையோ சாவுகளில் ஹெர்பர்ட் சொல்லிச் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்தவர் அந்தப் போதகர். சரி என்று போய்விட்டார்.

ஹரிஷ்குமாரும் ஆபீசுக்குப் போகிற வழியில் தலையை நீட்டினான். “அங்கிள், குரூப்ல போட்டுடட்டுமா? ஒரு நிமிஷ வேலை.”

“குப்பை வண்டி ஏன் வரலைன்னு சண்டை போடுவீங்களே, அந்த இடத்திலயா? நாய்க் கக்கூஸுக்கு நடுவுல என் மௌரீன் பேரு வரவேணாம்பா. நீ போ.”

அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. பாவம், நல்ல எண்ணத்தில் கேட்டான். ஹெர்பர்ட்டுக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. அவர் மனசு முழுக்க ஒரே எண்ணம்: பேப்பர் வரவேண்டும். ஊருக்காகப் போட்ட பேப்பர், போட வைத்தவளுக்காக ஒரு தடவை வரவேண்டும்.

எழுந்து போய்க் கொக்கியைத் தட்டியிருக்கலாம். ஆனால் அவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? வீட்டில் வேறு ஆள் ஏது? அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே லாயிடுக்குப் போன் செய்தார். பேப்பரை ஆரம்பம் முதல் அச்சடித்த பிரஸ் லாயிடுடையது. இப்போது கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடித்துப் பிழைக்கிறான்.

“முன்பக்கத்துலயே பெருசா போட்டுடலாமா அங்கிள்? ஆன்ட்டி போட்டோவோட?” என்றான் லாயிட்.

“வேணாம். சாவு கடைசிப் பக்கம்தான். அவ போட்ட ரூல். முன்னாடி வழக்கம்போல போடு.”

வழக்கம்போல என்றால் என்ன? பிரஸ் கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய பக்கம்தான். தலைப்பு, தலைப்புக்குக் கீழே மௌரீன் எழுதிய வரி, தண்ணீர் நேரம், நம்பர்கள். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் கறுப்புக் கட்டம். அதற்குள் மௌரீன் ஹெர்பர்ட், புதன்கிழமை மாலை நாலு மணி. காலையில் நியூஸ் பேப்பர் போடுகிறவர்களிடம் கொடுத்து, வீட்டுக்கு ஒன்று கேட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னான் லாயிட். சொன்னபடியே தள்ளினார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

புதன்கிழமை வாசலில் ஷாமியானா போட்டார்கள். “நாற்காலி எவ்வளவு சார்?” என்று கேட்ட ஆளிடம், “வண்டியில எவ்வளவு இருக்கோ எல்லாத்தையும் இறக்கு” என்றார் ஹெர்பர்ட். தெரு முழுக்க வெள்ளை நாற்காலி. பக்கத்து வீடு இப்போது பெண்கள் விடுதி. அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்கள். எதிர்வீட்டுக் கிழவி வந்தாள். லாயிட் வந்தான். மோட்டார் பார்க்க அந்தப் பக்கம் வந்த கோவிந்தப்பா, ஷாமியானாவைப் பார்த்துத் திடுக்கிட்டு உள்ளே வந்து, ஒரு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மணி ஆயிற்று. நாற்காலிகள் அப்படியே இருந்தன.

“இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?” என்றார் போதகர்.

“கொஞ்சம் பாக்கலாம் பாஸ்டர். டிராஃபிக்கா இருக்கும்.”

தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பினால் ஹெர்பர்ட் எழுந்து நிற்பார். அது வேறு வீட்டுக்குப் போகும். உட்காருவார். வெயில் சாய்ந்துகொண்டே போயிற்று. கல்லறையில் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பெட்டிக்காரர் போதகரின் காதில் ஓதினார். கோவிந்தப்பா ஒரு மூலையைப் பிடித்தார், லாயிட் ஒரு மூலையைப் பிடித்தான். மற்ற இடத்தில் தோள் கொடுக்க ஆள் இல்லை. முதுகில் கம்பெனி பெயர் போட்ட பனியனோடு பெட்டிக்காரரின் ஆட்கள் வந்து தூக்கினார்கள். எது நடக்கக்கூடாது என்று அவள் கேட்டாளோ அது அவர் கண் முன்னாலேயே நடந்தது. ஹெர்பர்ட் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வண்டி வரைக்கும் கூடவே நடந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த மூன்று நாளும் அவர் ஊரைத் திட்டியபடியே கிடந்தார். நன்றி கெட்ட ஜென்மங்கள். யார் வீட்டுச் சாவுக்கு நான் போகவில்லை? யார் வீட்டுப் பெட்டியை நான் தூக்கவில்லை? சமைக்கவில்லை, குளிக்கவில்லை. மௌரீனின் போட்டோவை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. சத்தியம் செய்த கையை அவருக்கு வெட்டிப் போடலாம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தார். கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூட்டம். சபை ஆட்கள், அவளிடம் படித்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், மீன் கடைக்காரர், பழைய தபால்காரர். பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய வாலிபர்கள் எத்தனையோ பேர். பல பேர் கையில் அந்தத் தாள். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. புதன்கிழமையே எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரும் நின்றார்கள். மௌரீனோடு கொயரில் பாடிய பெண்கள் யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்து, பாட முடியாமல் நிறுத்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கொயரில் மௌரீனுக்குப் பக்கத்தில் எப்போதும் நின்று பாடும் சிந்தியா ஹெர்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு குமுறினாள். “புதன்கிழமையே கேட் கீழ கெடந்ததுண்ணா. ஹெர்பர்ட் அண்ணன் மறுபடி பேப்பர் ஆரம்பிச்சிட்டாருன்னு சந்தோஷமா எடுத்து ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். காலைல சபைல பிரசங்கத்துக்கு வெளியூர் பாஸ்டர், அவருக்கும் தெரியல. இப்பத்தான், சாப்பிட்டுட்டு, திருப்பிப் பாத்தேன்.”

ஹெர்பர்ட் அவள் கொண்டுவந்த தாளை வாங்கித் தலைப்புக்குக் கீழே இருந்த வரியைப் படித்தார்.

“யாராவது செத்தா நீங்கதானே வந்து தட்டுவீங்க? நீங்க தட்டலையே. அதான் யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு இருந்துட்டோம்.”

திட்டுவதற்கு இனி ஒருத்தரும் மிச்சமில்லை. ஊர் அவர் பழக்கிய பழக்கத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் ஆனை விழுந்தது மௌரீன் மேல். கூட்டம் சேர்த்தது பேப்பர் என்று அவர் கர்வப்பட்டுக்கொண்டிருந்தார். பேப்பர் என்றைக்குமே சேர்க்கவில்லை. அந்தக் கொக்கித் தட்டுதான் சேர்த்தது. அதை அவரே மறந்துபோனார்.

“என் தப்புதாம்மா” என்றார். சிந்தியா அதை ஆறுதல் பேச்சு என்று நினைத்து இன்னும் அழுதாள்.

சாயங்காலம் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாகப் போன தபால்காரர், “பேப்பர் திரும்ப வந்தது நல்லதுங்க. தண்ணி டைம் மட்டும் பழசு, அதை மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தப்பா மட்டும் இருந்து, சிதறிக் கிடந்த டீ கிளாஸ்களைப் பொறுக்கி வைத்தார்.

“பேஜார் பண்ணிக்காதீங்க சார். எல்லாரும் வந்துட்டாங்கல்ல?”

“வந்துட்டாங்க கோவிந்தப்பா” என்றார் ஹெர்பர்ட்.

அவரையும் அனுப்பிவிட்டு, கேட்டைச் சாத்த வந்தவர் வெளியே போய் நின்றார். உள்ளே வீடு இருட்டாக இருந்தது. தன் வீட்டுக் கொக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மௌரீன் போயிட்டா. நாலு மணிக்கு எடுக்கறோம். வந்துடுங்க.”

கொக்கியைத் தட்டி அவளுக்காக அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. சாவுச் சேதி சொன்னவர் உள்ளே போகக்கூடாது என்பது ஞாபகம் வந்து, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.