பனை இல்லாத வளைவு

கல்யாணமாகி, வீட்டில் இரண்டு எருமையும் கட்டியிருக்கிற முப்பது வயதில் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை மறுபடி எழுதக் கிளம்பினாள் சௌந்திரம். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறியாயிற்று. இந்த ஒன்றுதான் கழுத்தை அறுத்தது. இதையும் தாண்டினால் பால்வாடி வேலை.

"பால் கறக்கற நேரத்துக்கு ஊட்டுல இருக்கோணும்," என்றாள் மாமியார் பொன்னாத்தாள். டுட்டோரியல் விட்டதும், ஊர்க்காரர் செங்கோட்டையனின் உழவுக் காட்டுக் குறுக்குத் தடத்தில் நடந்தால் அதற்குள் திரும்பிவிடலாம்.

டுட்டோரியலில் அருணகிரி வாத்தியார் நன்றாகக் கதை அளப்பார். "ஏறறதுக்குக் கிளைம்ங்கறமே, அதுக்கு இறந்தகாலம் அந்தக் காலத்துல குளோம்னு இருந்துச்சுங்க. அதிகமாப் புழங்காததால மத்ததுகளோட சேந்து கிளைம்டுன்னு நேராயிருச்சு. கோ, வென்ட் தினமும் புழங்கறதுங்க. அதை யாராலயும் நிமுத்த முடியலை."

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. காட்டுத் தடமும் அப்படித்தானே. நடுவில் ஒரு பனையைச் சுற்றி வளையும். பனையை வெட்டி எத்தனையோ வருஷமாயிற்று, வளைவு மட்டும் போகவில்லை.

ஆடியில் மாரியம்மன் நோம்பிக்கு டுட்டோரியலை மூடினார்கள். திறந்த அன்று போனால் தடத்தையே காணோம். நடமாட்டம் இல்லையென்று செங்கோட்டையன் உழுதுவிட்டார். ரோட்டைச் சுற்றிப் போனால் நேரமாகி எருமை கத்தும், மாமியார் அதைவிடக் கத்துவாள். அதோடு படிப்பு முடிந்த மாதிரிதான். சௌந்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டே உழவுக்குள் இறங்கினாள். கோ, வென்ட், கான் என்று முணுமுணுத்தபடி, இல்லாத பனையைச் சுற்றி வளைந்து போனாள். மறுநாளும் போனாள். கூடப் படித்த சாலம்மாளும் ஆராயியும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏம்மிணி, நடக்கறதே நடக்கற, நேராவாச்சும் போகக்கூடாதா?" என்றார் செங்கோட்டையன்.

"கால் பழகிருச்சுங்க மாமா. நேராப் போனா வார்த்தை மறந்துருதுங்க."

"அடுத்த உழவுல ஒரே கோடா இழுத்துப் போடறேன் பாரு."

அக்டோபர் பரீட்சையில் சௌந்திரம் தேறினாள். பால்வாடியும் அந்தக் காட்டைத் தாண்டித்தான். சித்திரையில் வேலையில் சேரக் கிளம்பிய காலை, செங்கோட்டையன் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்றாள். மாடுகள் தடத்துக்கு வந்ததும் அவர் கலப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து அழுத்தினார். வளைவிலும் அப்படியே செய்தார்.

"ஏனுங்க மாமா, அங்க பனைதான் இல்லீங்களே," என்றாள்.

"நீ நடக்கறியே அம்மிணி," என்றார் அவர்.