ஏழு இருக்கை, ஒன்பது விருந்தாளிகள்

எங்கள் பாலைவன ஊரான ஜஹ்ராவில் யாராவது பழைய கார் வாங்கப் போனால் முதலில் நஷ்மியிடம் காட்டுவார்கள். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். அவர்கள் வாங்கிவிடுவார்கள். மூன்று மாதத்தில் வண்டி நடுரோட்டில் நின்றதும், "அந்தாளு வாய் வச்ச வண்டி எது உருப்பட்டுச்சு?" என்று அவரையே திட்டுவார்கள். நானும் இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.

விமானப்படையில் இருபத்தாறு வருடம் எஞ்சின் கழற்றி மாட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச் இருக்கும். பார்த்ததைச் சொல்வார், பார்க்காததைச் சொல்ல மாட்டார். இப்படி ஒரு கெட்ட பழக்கம் இருக்கிற மனிதருக்கு ஊரில் எத்தனை நண்பர்கள் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வந்த காரின் முன் டயர் வழுக்கையாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொன்னார். பள்ளிவாசலில் புது ஏசி மாட்டியபோது அந்தப் போல்ட் தாங்காது என்றார். நல்ல இடத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று அவர் வாயை அடைத்தோம். ஏசி விழுந்தது. நல்லவேளை, வாசலில் கிடந்த செருப்புகள் மேல் விழுந்தது.

நஷ்மியின் தங்கை ஹெஸ்ஸாவைக் கட்டியவர் பர்ஜஸ். பாலைவன முகாம்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட ஆரம்பித்து, எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தங்கள் வரை வளர்ந்தவர். அவருடைய சித்தப்பா மகன் போன வருடம் சொந்தமாக ஒரு ஜெட் விமானம் வாங்கினான். அன்றிலிருந்து பர்ஜஸுக்கும் வியாபார விஷயமாக அவசரப் பயணங்கள் திடீரென்று கூடிவிட்டன.

புதிது வாங்க வசதி போதாது. தரகர் இரண்டு பழைய விமானங்களின் படங்களை அனுப்பினார். ஒன்று சின்னது. ஏழு இருக்கை, பதினொரு வயது. மற்றது பெரியது. பதினான்கு இருக்கை, இருபத்து நான்கு வயது. இதில் வேடிக்கை, பெரியதன் விலைதான் குறைவு. மலிவு என்றதும் பர்ஜஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் மலிவு என்று கேட்கிற ஒரே ஆள் நஷ்மி. அதனால் அவரை யாரும் கேட்கவில்லை.

பர்ஜஸின் திவானியாவில், அதாவது ஆண்கள் கூடிப் பேசும் முன்கூடத்தில், தினமும் மாலைத் தொழுகை முடிந்ததும் நாங்கள் ஒன்பது பேர் சுவரோரம் மெத்தையில் சாய்ந்து காபி குடிப்போம். எங்களில் எட்டுப் பேர் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியதைத் தவிர அதைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்கள். ஒரு வாரம் விடாமல் ஆலோசனை சொன்னோம். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியாரான நான், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று விளக்கினேன்.

யாரும் கேட்காமலே சின்ன விமானத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நஷ்மி, காபிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்கு. எல்லாக் காகிதமும் சரியா இருக்கு. வாங்கலாம்."

"உள்ள நிமிர்ந்து நிக்க முடியுமா?" என்றார் பர்ஜஸ்.

"முடியாது. குனியணும்."

"நான் யாருக்கும் குனிஞ்சவன் இல்ல, மச்சான்."

"கதவுகிட்ட மட்டும் குனிஞ்சா போதும். அப்புறம் உட்காரத்தானே போறீங்க?"

எல்லாரும் சிரித்தோம். பர்ஜஸும் சிரித்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஷாஃபி இருந்தாரே! பர்ஜஸின் பங்காளி. வயது எழுபது, நாக்குக்கு மட்டும் இருபது.

"ஏழு சீட்டா? அப்ப மழை பார்க்க சலாலாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, நாங்க மூணு பேரு றெக்கை மேல குந்திக்கிறதா? இல்ல, எங்கள விட்டுட்டு நீ வளர்க்குற வேட்டைப் பருந்துக்கு சீட்டுப் போட்டுருவியா?"

பர்ஜஸின் முகம் சிவந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளியை இழுத்து உட்கார வைக்க வேண்டுமா, கடையில் நண்பனை முந்திக்கொண்டு காசு கொடுக்க வேண்டுமா, உடனே பெண்டாட்டியைப் பணயம் வைத்துவிடுவார்கள். சாப்பிடாமல் போனால் தலாக்! நீ காசு கொடுத்தால் தலாக்! அவள் பாவம், உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பாள். ஒரு கிண்ணம் காபிக்காகத் தன் குடும்பம் நூலில் தொங்குவது அவளுக்குத் தெரியாது.

பர்ஜஸ் எழுந்து நின்றார். "இங்க இருக்குற ஒன்பது பேரும் என் விமானத்துல, ஒரே பயணத்துல, என்கூட சலாலா வர்றீங்க. வரலேன்னா ஹெஸ்ஸா எனக்குத் தலாக்!"

ஆகா, என்ன பெருந்தன்மை என்று நாங்கள் புளகாங்கிதப்பட்டோம். இரண்டு நிமிடம் கழித்துத்தான் கணக்கு உறைத்தது. சின்னதை வாங்கினால் சத்தியம் முறியும். முறிந்தால் முப்பத்தொரு வருடக் குடும்பம் போச்சு. அந்த ஒன்பது பேரில் ஹெஸ்ஸாவின் அண்ணனும் ஒருவர். நஷ்மி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் பர்ஜஸ் அவர் வீட்டுக்கே போனார். இன்ஷூரன்ஸுக்கு நஷ்மி கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை, ஊரில்தான் இல்லை.

"பெரியதைப் போய்ப் பாருங்க மச்சான். நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க தங்கச்சி வாழ்க்கை இப்ப உங்க பேனாவுலதான் இருக்கு."

வாயை விட்டது இவர், பேனா பிடிக்க வேண்டியது அவர். இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நஷ்மி போய் மூன்று நாள் அந்த விமானத்துக்குள் ஊர்ந்தார். திரும்பி வந்தவர் என் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். என் மனைவி வைத்த மக்பூஸ் சோற்றைத் தொடவில்லை.

"சக்கரக் கால் ரெண்டையும் பிரிச்சு மாத்தணும். எஞ்சின் ரெண்டுக்கும் கெடு முடியப் போகுது. றெக்கை ஓரத்துல உலோகம் அரிச்சிருக்கு. அதெல்லாம்கூடப் போகட்டும், பராமரிப்புப் புத்தகத்துல ரெண்டு வருஷப் பக்கமே இல்லப்பா. யாரோ கிழிச்சிருக்கான். அந்த ரெண்டு வருஷம் அதுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"ஒரு தடவை சலாலா போய்ட்டு வந்துட்டா போதாதா? சத்தியம் நிறைவேறிடும், அப்புறம் வித்துடலாம்" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் அதற்குள் மழைக்கென்று ஒரு குடை வாங்கி வைத்திருந்தேன்.

"எழுதினா அதுல நீயும்தான் உட்காருவே" என்றார் நஷ்மி. குடை ஆசை எனக்கு அந்த நொடியே விட்டுப்போனது.

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். உண்மையை எழுதினால் தங்கை தெருவுக்கு வருவாள், பொய் எழுதினால் ஒன்பது பேரும் பர்ஜஸும் விமானிகளும் எங்கே போய் விழுவார்களோ. மறுநாள் ஹெஸ்ஸாவிடமே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. நஷ்மிதான் அழுதார் என்று பின்னால் அவளே என் மனைவியிடம் சொன்னாள்.

"அண்ணே, நீ பார்த்தத எழுது" என்றாளாம். "என்னைய நினைச்சு ஒரு எழுத்துகூட மாத்தாதே. அவரு என்ன பண்றாருன்னு நானும் பார்க்கணும்."

சத்தியம் செய்த பத்தாவது நாள் நஷ்மி திவானியாவுக்கு வந்து அறிக்கையை நீட்டினார். பர்ஜஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"இதெல்லாம் சரி பண்ண எவ்வளவு ஆகும்?"

"வாங்குற விலை அளவுக்கு இன்னொரு தடவை. அப்பவும் அந்த ரெண்டு வருஷப் பக்கம் திரும்பி வராது."

பர்ஜஸ் காபிக் கிண்ணத்தை ஒரு முறை உறிஞ்சினார். "அப்ப சின்னதையே வாங்கிடலாம்."

அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட யோசனை நேரம் அரைக் கிண்ணம். ஷாஃபி மெல்ல, "அந்தச் சத்தியம்?" என்றார்.

"அட, அதுவா? மறுநாள் காலையிலேயே இமாம்கிட்ட கேட்டுட்டேனே! கோபத்துல சொன்னது, பிரியணும்னு நினைச்சுச் சொல்லலைல்ல, அதனால தலாக் ஆகாதாம். சத்தியத்த முறிச்சதுக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சாப்பாடு போட்டா போதும்னாரு."

கதவருகில் நின்ற நஷ்மி திரும்பினார். "மறுநாள் காலையிலேயா? நீங்க என் வீட்டுக்கு வந்தது மறுநாள் மத்தியானம்."

"சொல்லியிருந்தா நீங்க அக்கறையா எழுதியிருக்க மாட்டீங்க மச்சான்" என்று பர்ஜஸ் சிரித்தார். நாங்களும் கூடச் சிரிப்போம் என்று எதிர்பார்த்தார் போல. நாங்கள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்தோம். நஷ்மி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தங்கையிடம் போனார். பார்த்ததைச் சொல்கிறவர் ஆயிற்றே, கேட்டதையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் பர்ஜஸ் பத்து ஏழைகளைத் தேடி வெகுதூரம் அலையவில்லை. சொந்தக் கம்பெனி ஆட்களிலேயே தாராளமாகக் கிடைத்தார்கள். சம்பளம் போடுகிறவருக்குத் தெரியாதா யார் ஏழை என்று. ஆட்டுக்கறிச் சோறு பரிமாறி, படமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், வீட்டில் ஹெஸ்ஸா இல்லை.

என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு நஷ்மியின் வீட்டுக்கு வந்தார். ஹெஸ்ஸா கதவுக்குப் பின்னால் நின்றாள், குரல் மட்டும் வந்தது.

"ஹெஸ்ஸா, எல்லாம் முடிஞ்சுது. பத்துப் பேருக்குச் சோறு போட்டாச்சு. வா, போகலாம்."

"நல்லாச் சாப்பிட்டாங்களா?"

"வயிறாரச் சாப்பிட்டாங்க."

"சரி. பத்து நாளா எங்கண்ணனுக்கும், விஷயம் தெரிஞ்ச நாள்லேருந்து எனக்கும் ஒரு வாய் சோறு இறங்கல. உங்களுக்கு மறுநாள் காலையிலேயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகிட்டே தினமும் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டீங்க."

"அதான் தலாக் ஆகலைன்னு இமாம் சொல்லிட்டாரே!"

"அவரு ஆகலைன்னு சொல்லட்டும். நான் ஆயிடுச்சுன்னு சொல்றேன்."

பர்ஜஸ் முற்றத்துக் கோடை வெயிலில் நின்ற நஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க. கோபத்துல பேசுறா. ரெண்டு நாள்ல வந்துடுவா, இல்ல?"

நஷ்மி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன் மச்சான். மூணு பெட்டி கொண்டாந்திருக்கா. குளிர்காலத் துணியும் அதுல இருக்கு."