சமிதி வருவதற்கு அடித்த சுண்ணாம்பு

எனக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் பேச வரும் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்திருக்கலாம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏதாவது சட்டமன்றக் குழு மலையேறி வந்தால் போதும், "அந்தத் தமிழ்க்கார மேடத்தைக் கூப்பிடு" என்று ஆள் வந்துவிடும். என் மேசை வேலை அப்படியே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் தமிழில் சொல்வதை மலையாளத்திலும், குழுவில் இருப்பவர்கள் மலையாளத்தில் கேட்பதைத் தமிழிலும் நான் நின்றபடியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எந்த மொழியிலும் வாயைத் திறக்கப் பிடிக்காது.

இந்தக் குழுக்களை எங்கள் பக்கம் சமிதி என்பார்கள். அதன் வேலை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பட்ஜெட்டில் சபை ஒரு காரியத்துக்குப் பணம் ஒதுக்குகிறது. அதை நிதித்துறை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் மார்ச் முடிந்தால் ஒதுக்கிய பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஏன் விடவில்லை, யார் பிடித்து வைத்தது என்று நிதித்துறையைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிற அதிகாரம் சமிதிக்கு உண்டு. கேட்பார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று நிதித்துறை பதில் தரும். மறுபடியும் கேட்பார்கள், மறுபடியும் பரிசீலனையில் இருக்கும். பரிசீலனை என்ற சொல்லுக்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதே இல்லை. தோட்டத்து ஜனங்களுக்கு அது அப்படியே புரியும்.

நான் சொல்ல வந்த தடவை, விஷயமே லயங்கள்தான். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள். சூரியநெல்லிக்கு மேலே அப்படி ஒரு லயத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். படித்து, அரசாங்க வேலை கிடைத்து, கீழே இறங்கிவிட்டேன். என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். லயங்களைப் பழுது பார்க்க என்று பட்ஜெட்டில் அறிவித்த பணம் வரவே இல்லை. அத்தை வீட்டின் பின்சுவர் மழைத் தண்ணீர் குடித்துக் குடித்து, உள்பக்கமாகப் புடைத்து நின்றது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமாவின் கட்டில். இடுப்பு விழுந்து படுத்த படுக்கையான மனிதர். இருக்கிற ஓர் அறையில் கட்டிலைப் போட வேறு இடம் கிடையாது. அடுத்த மழைக்குள் சுவரைக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அது அவர் மேலேயே விழும். அத்தைக்கு அது ஒன்றுதான் கவலை. போன் செய்யும்போதெல்லாம் சுவரைப் பற்றித்தான் பேசுவாள்.

நேரில் பார்த்துவிடுவது என்று சமிதி முடிவு செய்தபோது எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. காலையில் லயத்தைப் பார்ப்பார்கள். மத்தியானம் பஞ்சாயத்து மண்டபத்தில் உட்கார்ந்து, நிதித்துறை அதிகாரியை எதிரே வைத்துக்கொண்டு தொழிலாளிகளிடம் விசாரிப்பார்கள். சமிதித் தலைவருக்கு முழங்கால் வலி. அதனால் ரோட்டை ஒட்டி இருக்கிற முதல் வீட்டை மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் வீடு அத்தை வீடு.

உடனே போன் போட்டேன். "அத்த, சமிதி வருது. உங்க வீட்டத்தான் பாப்பாக. எதையும் மாத்தாதீக. செவரு எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும்."

"சரித்தா, சரித்தா. நீயும் கூட வருவேல்ல?"

"வருவேன்."

"அப்பச் சரி," என்றாள். நான் நிம்மதியாகப் போனை வைத்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அந்த நிம்மதி வந்திருக்கவே கூடாது. அங்கே விசிட் என்ற சொல் காதில் விழுந்தாலே கை சுண்ணாம்பு வாளியைத் தேடும். பெரிய துரை விசிட், கம்பெனி விசிட், டாக்டர் விசிட், எதுவானாலும் லயம் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். வெளுக்காத வீட்டுக்காரனுக்கு அன்றைக்கு வேலைக்குப் பேர் போட மாட்டார்கள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். துரைமார் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. விசிட் வந்தால் வெள்ளையடிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோதே சுண்ணாம்பு வாசனை அடித்தது. லயம் முழுக்க வெளுத்திருந்தார்கள். வாசலில் கோலம். அத்தை பட்டுப் போல ஒரு சேலை கட்டியிருந்தாள். உள்ளே போனால் கட்டிலையும் காணோம், மாமாவையும் காணோம். புடைத்த சுவருக்கு முன்னால் ஒரு பீரோ நின்றது. யார் வீட்டுப் பீரோ என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்தது. பீரோவுக்கு மேலே தெரிந்த விரிசலை மறைத்துப் பூப்போட்ட துணி ஒன்று தொங்கியது.

"மாமா எங்க?" என்று காதோடு கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல படுக்க வச்சிருக்கு. நோயாளி இருக்க எடத்துல வர்றவுக எப்பிடி உக்காருவாக?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதைக் காட்ட முடியாது, பக்கத்தில் தாசில்தார் நிற்கிறார். தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். ஏலக்காய் தட்டிப் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "சாயா அசலாயி" என்று மெச்சினார். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு கொறையும் இல்லைங்கய்யா. உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம். முறுக்கு எடுத்துக்கங்க."

"அத்த, செவரு," என்றேன் மெதுவாக.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் நான் இரண்டாவது பலகாரத்துக்குக் கை நீட்டினால் பார்ப்பாளே, அதே பார்வை. மொழிபெயர்க்க வந்தவள் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அது எங்கள் வேலையின் முதல் விதி. அவள் சொன்னதைச் சொன்னபடியே மலையாளத்தில் சொன்னேன், முறுக்கு உட்பட.

கிளம்பும்போது, சமிதியோடு வந்திருந்த நிதித்துறை அதிகாரி செருப்பு மாட்டுவதற்காகச் சுவரில் கையை ஊன்றினார். இளைஞர். மலை வளைவுகளில் வாந்தி எடுத்து, வந்ததிலிருந்து வாடிப் போயிருந்தார். எடுத்த கையில் அப்படியே வெள்ளை ஒட்டியிருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது நேத்து அடிச்சதுங்களா?" என்றார் தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, விவசாயக் குடும்பம் என்றார். "ஆமா, நேத்துத்தான் இருக்கும். அந்தப் பீரோவுக்குப் பின்னாடி பாருங்க சார்" என்றேன். அதற்குள் தலைவர் ஜீப்பில் ஏறி ஹார்ன் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் மண்டபத்துக்கு அத்தை வந்தாள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய், மைக் முன்னால் நின்று, காலையில் பேசிய மனுஷியா இவள் என்கிற மாதிரிப் பேசினாள். "செவரு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குதுங்கய்யா. எங்க வீட்டுக்காரரு அதுக்குக் கீழதான் படுத்துருக்காரு. எந்திரிச்சு ஓடக்கூட முடியாது. மழைக்கு முன்னாடி கட்டிக் குடுங்க. வேற எதுவும் கேக்கல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். காலையில் புகார் இல்லை என்று சொன்னீர்களே என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"காலையில நீங்க எங்க வீட்டுக்கு வந்தவுக. வீட்டுக்கு வந்தவுககிட்டப் போயி ஒப்பாரி வைப்பாகளா? இப்ப நான் உங்க எடத்துக்கு வந்துருக்கேன். அதான் கேக்குறேன்."

இதை மலையாளத்தில் சொன்னதும் மண்டபம் சிரித்துவிட்டது. கேலிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. தலைவரும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை, நானும்தான். மறுபடி போய்ப் பார்த்துவிடலாமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதற்குள் மூடுபனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலைவரின் முழங்கால் வேறு. விட்டுவிட்டார்கள்.

நிதித்துறையின் பதில் என்ன என்று கேட்டார்கள். அந்த இளைஞர் எழுந்தார். கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் வெள்ளை இருந்தது. லயங்களின் நிலை பற்றித் தகுந்த சான்று கிடைத்ததும் தொகை விடுவிக்கப்படும், விஷயம் பரிசீலனையில் உள்ளது என்றார். உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கார் ஏறும்போது மட்டும் என்னிடம் வந்தார். "எங்கூட்டுலயும் இப்படித்தானுங்க. ஒறம்பரை சனம் வர்றாங்கன்னா அம்மா தார்சுக் கூரை ஒழுகறதக்கூட மறைச்சுப் போடும். நான் பாத்தது ஒண்ணுங்க, அங்க சொல்லச் சொல்லி மேல இருந்து எழுதிக் குடுத்து அனுப்புனது ஒண்ணுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அலுப்பாக இருந்தது. "பாத்துப் போங்க சார், வளைவு அதிகம்" என்றேன்.

சமிதியின் அறிக்கை சபையில் வைக்கப்பட்டு, ஒரு பிரதி எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. நேரில் பார்த்த லயம் சுத்தமாகவும் திருப்திகரமாகவும் இருந்தது. ஒரு தொழிலாளி குறை கூறினார். அதைத் துறை கவனிக்கலாம். அதற்கு நிதித்துறை அனுப்பிய பதில் இன்னும் அழகு. லயம் திருப்திகரமாக இருப்பதைச் சமிதியே பார்த்திருப்பதால் அவசரம் ஏதும் இல்லை என்று கருதப்படுகிறது. படித்துவிட்டு யாரைக் கோபிப்பது என்று யோசித்தேன். சமிதி கேட்க வேண்டியதைக் கேட்டது. துறை பதில் சொன்னது. அத்தை வந்தவர்களை மரியாதையாக நடத்தினாள். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம்.

சுவர் அந்த மழையிலேயே விழுந்தது. நல்லவேளை, பகலில் கொஞ்சம் வெயில் காட்டிய நேரம். மாமாவை முன்வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டில் மட்டும் நொறுங்கிப் போனது. பாதி வீட்டில் படுத்த படுக்கையான மனிதரை வைத்துப் பார்க்க முடியவில்லை. போடியில் இருக்கிற மகள் வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டாள். அத்தை போக முடியாது. ஓய்வு பெற இன்னும் சர்வீஸ் பாக்கி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, போடிமெட்டு இறங்கிப் போய், அவருக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு இருட்டுவதற்குள் மலையேறி வந்துவிடுகிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுவரை இருவரும் ஒரு நாள்கூடத் தனித்தனியாக இருந்ததில்லை. அதை என்னிடம் சொன்னபோது அத்தை அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

சபை விட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். போன மாதம் அலுவலகத்தில் தகவல் வந்தது. பணம் ஏன் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று நேரில் பார்க்க, புது சமிதி வருகிறதாம். தமிழ்க்கார மேடம் கூட வர வேண்டும். இந்தத் தடவை போனை நம்பவில்லை. முதல் நாளே லீவு போட்டுவிட்டு லயத்துக்குப் போனேன்.

ரோட்டில் இறங்கியதுமே அந்த வாசனை. ட்ரம்மில் சுண்ணாம்பு கரைத்து வைத்து, லயம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "உங்களுக்கெல்லாம் புத்தியே வராதா? என்ன பட்டாலும் திருந்த மாட்டீகளா?" பக்கத்து வீட்டுக்காரி வாளியும் கையுமாகச் சிரித்தாள். "வர்றவுக மொகம் சுளிக்கக் கூடாதுல்ல தாயி" என்றாள்.

முதல் வீட்டில் அத்தை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. பக்கத்தில் வாளி இல்லை, சுண்ணாம்பு அடிக்கிற மட்டை இல்லை. பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பரவால்ல அத்த. நீங்களாச்சும் அடிக்காம இருக்கீகளே."

அத்தை தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கனத்தா அடிக்க? அதுக்குச் செவரு வேணும்ல."